பூவும் அது நின்ற வரப்பும்

வேலியோரத்தில் தானாக முளைத்துத் தானாகப் பூத்துக் கிடந்தவற்றைப் பூ என்று யாரும் கணக்கில் சேர்க்காத காலம் ஒன்று இருந்தது. எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் பூ என்றால் விடியுமுன் பறித்து நிலக்கோட்டைச் சந்தைக்குக் கட்டி அனுப்புகிற மல்லிகை. அதைவிட்டால் கனகாம்பரம், சம்பங்கி. முழம் போட்டு விற்க வேண்டும், தலையில் வைக்க வேண்டும், சாமிக்குச் சாத்த வேண்டும், அப்போதுதான் அது பூ. தும்பையும் நெருஞ்சியும் கொழுஞ்சியும் களை. ஆவாரைக்கும் சிறுபீளைக்கும் மட்டும் வருஷத்தில் ஒரு நாள் மரியாதை உண்டு. பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலையோடு சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவதற்காகக் காட்டுக்குப் போய்க் கை நிறைய ஒடித்து வருவோம். இன்று அந்தக் கட்டையும் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் காசுக்கு விற்கிறார்கள் என்பதையும், அதே ஆவாரம்பூவை ஒரு பெண் பிள்ளை செல்போனில் படமெடுத்துப் போட்டால் சாயங்காலத்துக்குள் ஆயிரம் பேர் பார்த்துவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால், ஆவாரை மேலே போனதா கீழே போனதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

படம் என்பது அன்று கல்யாணத்துக்கும் சடங்குக்கும் சாவுக்கும் உரியது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும்: பீரோவுக்குள் துணியில் சுற்றிய ஒரு கேமரா, அதை எடுக்கிற உரிமை ஒரே ஒரு பெரியவருக்கு. எங்கள் வீட்டில் அது பெரியப்பாவின் ஆக்ஃபா கிளிக் 3. 120 பிலிம் போட்டால் ரோலுக்கு 12 சதுரப் படங்கள், அவ்வளவுதான். லென்ஸைத் திருகித் தெளிவாக்குகிற வசதியெல்லாம் அதில் கிடையாது. தொலைவில் இருப்பது தெளிவாக விழும், ஒன்றிரண்டு கெஜத்துக்குள் போனால் எல்லாம் கலங்கிவிடும். ஒரு தும்பைப் பூவை அதில் எடுப்பதென்றால் பின்னால் தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும். தள்ளி நின்றால் தும்பை மட்டுமா வரும்? அறுத்து முடித்த கடலைக்காடு வரும், மேட்டில் நிற்கிற ஒற்றைப் பனை வரும், கிணற்றுத் துலாக்கல் வரும், வரப்பில் குந்தியிருக்கிற ஆள் வருவார், இவ்வளவுக்கும் காலடியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தும்பை இருக்கும். கிட்டப் போக முடியாத அந்தக் கேமராதான் பூவை அது நிற்கிற இடத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குப் பழக்கியது. அன்றைக்கு நான் இதற்காக அதை நொந்துகொண்டேன். இன்று என் பையில் இருக்கிற செல்போன் மூன்று விரற்கடை தூரத்தில் நெருஞ்சியின் மகரந்தத்தை எண்ணிக் காட்டுகிறது. ஆனால் பின்னால் இருக்கிற காட்டை அது ஒரே பச்சை மெழுகாகக் கரைத்துவிடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்து நெருஞ்சி நின்றது ஆட்டுத் தடத்திலா, வீட்டு மொட்டை மாடித் தொட்டியிலா என்று யாராலும் சொல்ல முடியாது.

படம் சித்திரம் போல இருக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், வார இதழ்களிலிருந்துதான் வந்தது. ஆனந்த விகடனில் சில்பி கோயில்களை வரைந்த பக்கங்களையும், கோபுலுவின் கோட்டில் எழுந்து நின்ற கிராமத்து மனிதர்களையும் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்த தலைமுறை எங்களுடையது. தை பிறந்தால் மளிகைக் கடையில் கொடுக்கிற சிவகாசிக் காலண்டரில், கோவில்பட்டி கொண்டையராஜுவின் வழிவந்தவர்கள் தீட்டிய முருகனுக்குப் பின்னால் ஒரு மலையும் ஓடையும் காலடியில் கொஞ்சம் பூவும் இருக்கும். எல்லாரும் முருகனைக் கும்பிட்டார்கள். நான் அந்த ஓடைக்கரைப் பூ எந்தப் பூ என்று மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓவியர் தனக்கு வேண்டாததை விட்டுவிட முடிகிறது, வேண்டியதைக் கொண்டுவந்து வைக்க முடிகிறது. கேமராவோ முன்னால் இருக்கிற மின்கம்பத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். இருக்கிற உலகத்தை வைத்துக்கொண்டே எதை விடுவது, எதை வைப்பது என்று தேர்ந்து, நின்று, குனிந்து, ஓர் அடி இடம் தள்ளிப் படமாக்குவதில்தான் எனக்கு அப்போது பித்து.

இந்தப் பித்துக்கு எனக்கு முன்னே பெரிய பரம்பரை இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலேயப் பெண்மணி ஜூலியா மார்கரெட் கேமரன், முகங்களை வேண்டுமென்றே மென்மையாகக் கலங்கவிட்டு ஓவியம் போலப் படமெடுத்தவர். 1875இல் இலங்கைக்குக் குடிவந்து, 1879இல் அங்கேயே இறந்தவர். களுத்துறையில் இருந்த அவர் வீட்டுக்கு 1877இல் விருந்தாளியாக வந்தவர் மேரியான் நார்த். பூக்களைத் தேடித் தேடி உலகம் சுற்றி, அவை முளைத்த மண்ணோடும் பின்னால் தெரியும் மலையோடும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். அவருடைய ஓவியங்களுக்காகவே லண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் ஒரு கூடம் திறந்தார்கள். கேமரன் தன் விருந்தாளியைப் படமெடுத்தார். படத்தை ஓவியமாக்கப் பார்த்தவரும், பூவை அதன் ஊரோடு வரைந்தவரும் நமக்கு இத்தனை பக்கத்தில், தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு வராந்தாவில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத சந்தோஷம்.

அதற்கும் முன்னால் நம் மண்ணிலேயே இரண்டு ஓவியர்கள். ராபர்ட் வைட் என்கிற மருத்துவர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தபடி 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தாவரப் படத் தொகுதிகளில் 2,101 படங்கள். அவருக்கு வரைந்து கொடுத்த கைகள் ரங்கையா, கோவிந்து என்னும் நம்மவர்களுடையவை. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். அந்தப் பக்கங்களைப் பார்த்தால் வெள்ளைத் தாளில் ஒரு கிளை, அதில் மொட்டும் விரிந்த பூவும் காயும் ஒரே நேரத்தில்; ஓரத்தில் பூவைப் பிளந்து காட்டிய ஒரு துண்டு, ஒரு விதை. எந்தச் செடியும் ஒரே நாளில் அப்படி நிற்பதில்லை. ஒரு பருவம் முழுவதையும் ஒரு தாளில் மடித்து வைத்த வேலை அது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தை வளர்த்தெடுத்த பாதிரியார் கே. எம். மாத்யூ, தமிழ்நாட்டுத் தாவரங்களின் கோட்டுப் படங்களை 1982இல் தனித் தொகுதியாகவே கொண்டுவந்தார். நூலகத்தில் அதைப் புரட்டியபோது என் வீட்டுப் புழக்கடைக் குப்பைமேனி ஒரு பக்கத்தில் ராஜகம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அன்று முதல் எதையும் களை என்று நான் சொல்வதில்லை.

கல்லூரி முடித்துச் சம்பளம் வரத் தொடங்கிய பிறகு லென்ஸைக் கழற்றி மாட்டுகிற கேமரா வந்தது. கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோ பிலிம், மகாராஜா வாழ்க்கை போலிருந்தது எனக்கு. லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் தும்பைக்குள் நுழைந்த எறும்பு தெரியும் என்று யாரோ சொல்ல, அதற்கான வளையத்தை ஒரு பட்டறையில் கடைந்து வாங்கினோம். சித்திரப் பாணிக்கென்று தனியாக ஒரு கைமருந்துப் பெட்டியே இருந்தது. லென்ஸுக்கு முன்னால் போடுகிற கண்ணாடி பில்டரில் நடுவை விட்டுவிட்டு ஓரமெல்லாம் வாசலின் தடவுவோம். ஆவாரம்பூ தெளிவாக நிற்க, சுற்றிலும் காடு மஞ்சளாக வழிந்து இறங்கும். கறுப்பு நைலான் துணியை இழுத்துக் கட்டினால் பனிக்காலத்துக் காலை வந்துவிடும். உச்சி வெயிலில் நிழல் கறுத்து விழுந்தால் தலைக்கு மேலே வெள்ளை வேட்டியை நாலு பேர் விரித்துப் பிடிப்பார்கள். காற்று அடித்தால் குடை தடுப்பு. இருண்ட பக்கத்துக்குத் தெர்மோகோல் அட்டை. இத்தனையும் ஒரு எருக்கம்பூவுக்காக.

ஸ்லைடு பிலிமுக்கு வந்தபோது இன்னொரு வித்தை கிடைத்தது. ஒரே காட்சியை வெளிச்சம் கூட்டித் தெளிவாக ஒன்று, கலங்கலாக இன்னொன்று எடுத்து, இரண்டு ஸ்லைடையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே சட்டத்தில் அடைத்துத் திரையில் போட்டால், இலைகள் உள்ளிருந்து விளக்கேற்றியது மாதிரி ஒளிரும், கோடுகளும் குலையாது. 1980களில் மைக்கேல் ஆர்டன் என்கிற கனடாக்காரர் பிரபலமாக்கியதால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. இருட்டறையில் வெள்ளைச் சுவரில் அப்படி ஒரு கொழுஞ்சிச் செடி ஊதாவாக எரிந்து நின்றதைப் பார்த்து, படமே பார்க்கப் பிடிக்காத என் அப்பா, "இது நம்ம கெழக்கு வரப்புல்ல" என்றார். கலங்கடித்து, ஒளியூட்டி, இவ்வளவு மாற்றியும் அவருக்கு வரப்பு அடையாளம் தெரிந்தது. அதைவிடப் பெரிய பரிசு எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

டவுனில் ஒரு ஸ்டுடியோக்காரர் இருந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் தீட்டுவதில் மன்னன். கல்யாணப் பெண்ணின் கன்னத்துக்குச் சிவப்பும் சேலைக்கு ஜரிகையும் கொடுத்துக்கொண்டிருந்தவரிடம் நான் என் ஆவாரங்காட்டைக் கொண்டுபோனேன். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, வண்ணத்தில் தொட்டு, தாளில் வைத்த வேகத்தில் அதை மறுபடி துடைத்து எடுத்தார். துடைத்ததில் மிச்சம் நின்றதுதான் நிறம்.

"தம்பி, ஆவாரைக்கு ஒத்த மஞ்ச பத்தாது. காலையில எடுத்தியா, சாயங்காலமா?"

"காலையிலண்ணே. ஏழு மணி இருக்கும்."

"அப்ப எலுமிச்ச மஞ்ச. சாயங்காலம்னா கொஞ்சம் குங்குமம் சேக்கணும். பூவு ஒண்ணுதான், வெயிலு வேற."

பூவை அவர் நேரில் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் வெயிலைக் கேட்டுக்கொண்டு மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார். இன்றைக்கு ஒரே தொடுதலில் கறுப்பு வெள்ளைக்கு நிறம் ஏற்றுகிற செயலிகள் வந்துவிட்டன. என் பழைய நெகட்டிவ்களை அவற்றில் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் செய்கின்றன. எத்தனை மணிக்கு எடுத்தாய் என்று அவை கேட்பதில்லை.

மணி என்றதும் விஷ்ணுகிரந்தி ஞாபகம் வருகிறது. கட்டாந்தரையில் ஒட்டிப் படர்கிற செடி. மிளகுக்குக் கொஞ்சம் பெரிதான நீலப் பூ. அதைப் படுத்துத்தான் எடுக்க வேண்டும். நான் வயிற்றைத் தரையில் போட்டுக் கிடக்க, ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏந் தம்பி, ஊருக்குள்ள மனுசங்க இல்லையா? புல்லப் போயி போட்டோ புடிக்கிற?"

"ஆத்தா, இந்தப் பூவுக்கு இங்க என்ன பேரு?"

"விஷ்ணுகிரந்தி. காச்சலுக்குக் கசாயம் வப்போம். வெயிலு ஏறுனா மூடிக்கும்ப்பா, அது ஒனக்காகக் காத்துக் கெடக்காது. சட்டுனு புடி."

அவர் சொன்னதுதான் பாடம். விஷ்ணுகிரந்தி காலையில் விரிந்து உச்சிப் பொழுதுக்கு மேல் சுருங்கும். ஊமத்தை சாயங்காலம் மலரும். தும்பை, மழை விட்டபின் ஈரம் காயாத தரிசில் கூட்டமாக நிற்கும். படம் எடுக்கப் போனவன் பூக்களின் நேரத்தையும் அந்த நேரத்தை அறிந்த மனிதர்களையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு திரும்பினேன். 36 படம் உள்ள ரோலை எடுத்து முடிக்க ஒரு மாசம் ஆகும், கழுவி வர இன்னும் சில வாரம். அதற்குள் அந்தச் செடி காய்த்து வெடித்து விதையும் கொட்டியிருக்கும். படம் கைக்கு வரும்போது பூ முடிந்துபோயிருக்கும் என்பதால், தபால் உறையைக் கிழித்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் போன மாசத்து மழை கையில் திரும்ப வந்தது. அந்தச் சின்னச் சந்தோஷத்தை இன்றைக்குப் பிறந்த எந்தக் கேமராவாலும் தர முடியாது. எடுத்த நொடியிலேயே படத்தைக் காட்டிவிடுகிற கருணை அதற்கு.

இந்தப் பாதையில் எனக்கு வழிகாட்டி மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950இலிருந்து 1996இல் இறக்கும் வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் நாட்டுப்புறத்து உயிர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதிவந்தார். எழுதியதற்குத் தானே கோட்டோவியம் போட்டார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமராவைக் கட்டி, அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்துக்கொண்டு, காடுகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். கோடு, எழுத்து, ஒளி மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தவர் அவர். அவர் யானையை எடுத்தாலும் அது எந்தக் காட்டு யானை என்று சுற்றியிருக்கிற மரம் சொல்லும்.

குறிஞ்சியைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. 1982, 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அது பூத்த வருஷங்களை வைத்தே என் வயசை நான் கணக்குப் போடுகிறேன். உங்களில் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பிறந்தவர்களும் அப்படித்தான் செய்வீர்கள். 1982இல் வத்தலகுண்டிலிருந்து மலையேறின பஸ்ஸில், பையில் இரண்டு ரோல் கறுப்பு வெள்ளை. அவை 'இந்து' பிலிம்; 1960இல் உதகையில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் ஆனவை. ஒரு குறிஞ்சி மலையில் செய்த பிலிமில் இன்னொரு குறிஞ்சி மலையைப் பதிகிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமிதம். நீலத்தைச் சாம்பலாகத்தான் அது காட்டும் என்பதும் தெரியும். ஆனாலும் சரிவு முழுக்கப் பூத்திருக்க, தேனீக்கள் மொய்க்க, மேகம் பாதி மலையை அழித்து அழித்துக் காட்டிக்கொண்டிருந்த அந்தப் புல்வெளியைச் சித்திரமாக்க நான் எந்த வாசலினும் தடவ வேண்டியிருக்கவில்லை. ஓவியர் விடுகிற வெள்ளை இடத்தை மேகமே விட்டுக் கொடுத்தது.

இரண்டாவது பூப்புக்கு வண்ண ஸ்லைடு. மூன்றாவதற்கு ஒரு தோளில் பிலிம் கேமரா, இன்னொரு தோளில் இரவல் டிஜிட்டல். அந்த 2006இல்தான் கேரள அரசு மூணாறுக்கு அப்பால் வட்டவடை, கொட்டகம்பூர் மலைகளில் குறிஞ்சிக்கென்றே ஒரு சரணாலயத்தை அறிவித்தது. நல்ல செய்தி, கூடவே கெட்ட செய்தியும் படத்தில் விழத் தொடங்கியிருந்தது. போன நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தோல் பதனிடும் பட்டைக்காகவும் காகிதக் கூழுக்காகவும் வாட்டில், யூகலிப்டஸ் என்று நட்டு நட்டுப் பழனி மலையின் புல்வெளிகள் மரத்தோட்டங்களாகிவிட்டன. நான் 1982இல் நின்ற அதே பாறையைத் தேடிப் போனால், அங்கிருந்து சரிவே தெரியவில்லை. வாட்டில் மறைத்து நிற்கிறது. குறிஞ்சி மரத்தடிப் பூ அல்ல, திறந்த புல்வெளியில் வெயில் குடித்து வளர்கிற புதர். பூத்து, விதை கொடுத்து, மடிந்து, அந்த விதையே மறுபடி அங்கே முளைக்க வேண்டும். முளைக்கிற இடம் போனால் பன்னிரண்டு வருஷக் கணக்கும் போனது. ஒரே இடத்திலிருந்து பருவத்துக்குப் பருவம் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான், சித்திரப் பாணிக்காக நான் சேர்த்துக்கொண்ட பின்னணி, பின்னணி அல்ல என்று புரிந்தது. பூவை மட்டும் கிட்டப் போய் எடுத்தவர்களிடம் நாலு பூப்புக்கும் ஒரே படம்தான் இருக்கிறது. புல்வெளி போனதற்குச் சாட்சி, தள்ளி நின்று எடுத்த படத்தில்தான் இருக்கிறது.

2018இல் மலையெல்லாம் செல்போன். குறிஞ்சிக்கு முதுகு காட்டி நின்று தன் முகத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள் சனங்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. அன்றைக்குப் பெரியப்பா ஒருவருக்கு இருந்த உரிமை இன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கிறது. ஆட்டுக்காரர் மகன் மேய்ச்சல் காட்டிலிருந்து எனக்குப் பூப் படம் அனுப்பி, "இது என்னன்னு பாருங்கய்யா" என்கிறான். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் எங்கோ இருக்கிற ஒரு தாவரவியலாளர் அதற்குப் பெயர் சொல்கிறார். அன்று நான் ஒரு பூவின் அறிவியல் பெயரைத் தெரிந்துகொள்ளச் செடியைச் செய்தித்தாளில் அமுக்கி எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினேன். இப்போது அந்தப் பையன் ஆட்டை ஓட்டிக்கொண்டே தெரிந்துகொள்கிறான். இதை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பையனின் அப்பத்தாளுக்கு அந்தச் செடியின் ஊர்ப் பெயர் தெரியும். அவனிடம் கேட்டால், "அப்பத்தாட்ட கேட்டதில்லையே" என்கிறான். போனை வைத்துவிட்டு முதலில் அவரிடம் போய்க் கேள் என்று நான் அவனை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

புதிய கருவி காட்டிக் கொடுத்த அழகுகளையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கிளுவை வேலியில் ஏறிப் படர்ந்த செங்காந்தளைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்பார்கள். கண்வலிக் கிழங்கு, விஷம். ஐப்பசி மழைக்கு அது பூக்கும்போது இதழ் பச்சையில் தொடங்கி மஞ்சளாகி, நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போவதை ஸ்லைடில் எடுத்து வைத்திருந்தேன். இன்று ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கத்தில் அதைப் பந்தல் போட்டுப் பயிராகவே வளர்க்கிறார்கள். விதை மருந்துக்குப் போகிறது. சூல்தண்டு பூவுக்கு வெளியே பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் தானாக மகரந்தம் சேர்வது குறைவு. அதனால் விடிந்ததும் ஆட்கள் வரிசையாகப் போய் ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டு மகரந்தம் வைக்கிறார்கள். ஒரு அக்காவின் விரல் நுனியில் மஞ்சள் பொடி, அது சூல்முடியைத் தொடுகிற அந்தக் கணம், பின்னால் பனியில் கிளுவைக் கால்கள். அதைச் செல்போனில்தான் எடுத்தேன். கிளிக் 3இல் அந்த விரல் வந்திருக்காது. என் பழைய பெரிய கேமராவை நீட்டியிருந்தால் அந்த அக்கா வேலையை விட்டுவிட்டுச் சேலையைச் சரிசெய்திருப்பார்.

ஓவியமாக்குகிற வேலையையும் இப்போது கருவியே பார்த்துக்கொள்கிறது. 2016இல் பிரிஸ்மா என்ற செயலி வந்தபோது என் மருமகன் என் ஆவாரங்காட்டுப் படத்தை அதில் கொடுத்து, ஐரோப்பிய ஓவியர் தீட்டிய மாதிரி ஆக்கிக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தூரிகைக் கோடுகள் பனைமரத்தின் மேலும் மேகத்தின் மேலும் ஆட்டின் மேலும் ஒரே மாதிரி போயிருந்தன. பனை எப்படிச் சொரசொரக்கும், ஆவாரை இலை வெயிலில் எப்படித் தலை குனியும் என்று தெரிந்த கை போட்ட கோடு வேறு. ஸ்டுடியோ அண்ணன் துடைத்துத் துடைத்து நிறுத்திய மஞ்சளை நான் அறிவேன். இப்போது படமே எடுக்காமல் சொல்லிக் கேட்டாலே பூங்காட்டை உண்டாக்கித் தருகிற காலம் வந்துவிட்டது. அதில் வரும் பூவை எந்த அப்பா பார்த்தும் நம்ம கெழக்கு வரப்புல்ல என்று சொல்லப் போவதில்லை, அவ்வளவுதான் என் வழக்கு.

அந்தக் கிழக்கு வரப்பும் இன்று இல்லை. நாலுவழிச் சாலை வந்தபின் தரிசெல்லாம் மனையாகி, மஞ்சள் வர்ணம் அடித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. கற்களுக்கு நடுவே முதல் மழைக்கு இன்னும் தும்பை முளைக்கத்தான் செய்கிறது. வேலை ஆரம்பிக்கும் வரை யாரும் அதை விரட்டுவதில்லை. சாலையோரமெல்லாம் உண்ணிச்செடி, மலைப் பாதையில் மெக்சிகோவிலிருந்து வந்த காட்டுச் சூரியகாந்தி. எல்லாரும் அவற்றைத்தான் காட்டுப்பூ என்று படமெடுக்கிறார்கள். நிறத்தில் குறையில்லை, அவை பரவிய இடத்தில் முன்பு எது நின்றது என்று தெரிந்தவனுக்குத்தான் அந்தப் படத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

கல்லூரியில் தாவரவியல் படிக்கிற பேத்தி ஒருத்தி இப்போது என்னோடு சேர்ந்திருக்கிறாள். ரங்கையா, கோவிந்து முறையில், ஆனால் கேமராவால், எங்கள் ஊர்ச் செடிகளுக்கு ஆளுக்கொரு தாள் செய்கிறோம். வெள்ளை அக்ரிலிக் தகட்டின் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, மொட்டை ஒரு நாள், பூவை ஒரு நாள், காயை இன்னொரு நாள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒரே பக்கத்தில் அடுக்குவது அவள் வேலை. ஒவ்வொரு தாளின் கீழும் அந்தச் செடி நின்ற இடத்தின் படம் ஒன்று, தள்ளி நின்று எடுத்தது, கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மனைக்கல் வந்தால் வரட்டும், மறைக்கக் கூடாது என்றேன். மின்கம்பத்தைத் தவிர்க்க அடி அடியாக இடம் தள்ளி நின்ற பழைய நானா இப்படிச் சொல்கிறேன் என்று இருந்தது.

தும்பைத் தாளுக்கு வேர் ஒன்று பாக்கி.

"பிடுங்கணுமே தாத்தா. பாவமில்லையா?"

"எந்த மனையில நிக்குது?"

"கார்னர் மனை. தை பொறந்தா அஸ்திவாரம் தோண்டுறாங்களாம்."

"அப்ப மார்கழிக் கடைசி வரைக்கும் விடு. வெத முத்தட்டும், அப்புறம் எடுப்போம்."

விதையைத் தனியாக ஒரு பிலிம் டப்பாவில் சேர்க்கப் போகிறோம். அவை என்னிடம் நிறைய மிச்சம் இருக்கின்றன; மூடி இறுக்கமானது, ஈரம் புகாது. அடுத்த மழைக்கு அதை எங்கே தூவுவது என்பதில்தான் இரண்டு பேருக்கும் இன்னும் பேச்சு ஓயவில்லை. கண்மாய்க் கரை என்கிறாள் அவள். அங்கே சீமைக் கருவேலம் அடைத்திருக்கிறது. கோயில் நிலத்து வரப்பு என்கிறேன் நான்; அதைக் குத்தகைக்கு எடுத்தவர் களைக்கொல்லி அடிக்கிறவர், முதலில் அவரிடம் போய்ப் பேச வேண்டும்.